செங்கம் ரோட்டில் ஸ்பெயின் சாப்பாடு

மகளுக்குக் கலெக்டர் ஆபீசில் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்த மாதம், என்னையும் என் கணவரையும் ஓட்டலுக்குக் கூப்பிட்டாள். எந்த ஓட்டல் என்று கேட்டேன்.

"உன் ஊரு சாப்பாடுதாம்மா."

எங்கள் கிராமமான கீழ்பென்னாத்தூரில் நல்ல ஓட்டல் ஏது என்று என் கணவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்த ஊரு இல்லப்பா. அம்மாவோட ஊரு. ஸ்பெயினு."

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மொட்டைமாடியில் கீற்றுக்கொட்டகை போட்டு ஸ்பெயின்காரர் ஒருவர் ஓட்டல் ஆரம்பித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். எல்லாம் தரையோடு தரையான மேஜைகள். என் கணவர் இருபது வருஷம் வேன் ஓட்டியவர், முட்டி மடங்காது. மெத்தையில் பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்து, சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். சுற்றிலும் காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள். எங்களைத் தவிர ஊர்க்காரர்கள் யாரும் இல்லை.

மெனு கார்டை மகள்தான் படித்தாள். தக்காளியும் பூண்டும் தேய்த்த ரொட்டி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, "பயேயா" என்றாள். கோயில் ஊர் என்பதால் அசைவம் கிடையாது. அந்தச் சோற்றைப் பீன்சும் குடைமிளகாயும் போட்டுத்தான் செய்வார்களாம். அந்தச் சாப்பாட்டின் பெயரை நான் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

அகலமான தட்டை வாணலியோடு சோறு மேஜைக்கு வந்தது. மஞ்சள் சோறு, அடியில் லேசாகக் கருகிய வாசனை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எடுத்த கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாக ஆன வருஷம் ஒரு ஸ்பெயின் தம்பதி இங்கே வந்து வீடு எடுத்துத் தங்கினார்கள். கையில் மூன்று மாதப் பெண் குழந்தை. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். நான் பத்தாவது படித்தவள், கொஞ்சம் இங்கிலீஷ் புரியும். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் என் கணவரின் வேனிலேயே வந்துபோவேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. அவளை என் கணவரின் அக்கா பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் புருஷன் வேறொருத்தியோடு போய்விட, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து எங்களோடு இருந்தவள். பிள்ளை இல்லாதவள்.

ஒரு வருஷம் கழித்து அந்தத் தம்பதி ஊர் திரும்பினார்கள். குழந்தை என்னை விட்டு இருக்காது, ஆறு மாதம் மட்டும் கூட வா என்றார்கள். நான் ஏதோ குடும்பக் கஷ்டத்தில் போனதாக ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. கஷ்டம் ஒன்றும் இல்லை. விளைச்சல் இருந்தது, வேன் ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தில் ஏற ஆசைப்பட்டேன். மாட்டுச்சாணியும் வேர்க்கடலைச் செடியும் இல்லாத ஓர் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்காகப் போனேன்.

போய் இறங்கிய இடமோ வயல்வெளி. வலென்சியாவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டியவரை நெல். முதல்நாள் காலையில் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஞாயிறுதோறும் அந்த வீட்டுப் பெரியவர், வீட்டுக்காரரின் அப்பா, தோட்டத்தில் விறகு மூட்டிப் பயேயா செய்வார். முயல்கறி போடுவார், நத்தை போடுவார். நான் அதையெல்லாம் தொடமாட்டேன். எல்லோரும் வாணலியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது நான் குழந்தையை வைத்துக்கொண்டு சமையலறையில் இருப்பேன். முதல் ஞாயிறு, சாப்பாட்டின் நடுவில் எல்லோரும் பேச எழுந்தபோது வாணலியை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். கறியெல்லாம் தீர்ந்து அடியில் காந்தல் மட்டும் ஒட்டியிருந்தது. நம் ஊரில் காந்தல் யாருக்கு? பானை கழுவுகிறவளுக்கு. எனக்குப் பசி. கரண்டியால் சுரண்டித் தின்றேன். அப்போது பெரியவர் உள்ளே வந்தார். வாணலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்து கத்த ஆரம்பித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. அந்த ஊரில் காந்தல்தான் ருசியான பாகமாம், கடைசியில் எல்லோரும் பங்கு வைத்துத் தின்பார்களாம். வீட்டுக்கார அம்மா வந்து இங்கிலீஷில் சொன்னாள். சொல்லிவிட்டு, விருந்தாளிகளிடம் போய் நான் வாயில் கரியோடு நின்றதை நடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் நான் அங்கே இருந்தவரை, ஞாயிறு வந்தால் அந்த நடிப்பு உண்டு. புது விருந்தாளி வந்தால் என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள்.

ஆனாலும் நான் திரும்பி வரவில்லை. ஆறு மாதம் முடிந்ததும் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், இருக்கிறேன் என்றேன். ஒரு வருஷத்தில் மறுபடியும் கேட்டார்கள். அப்போதும் அதையேதான் சொன்னேன். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும், விடமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதினேன். காரணம் அந்தக் குழந்தை. என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கும். அது பேசிய முதல் சொல் தமிழ்ச்சொல். 'வா' என்றது. என்னைப் பார்த்துத்தான் சொன்னது. என் வயிற்றில் பிறந்ததை நான் அப்படி அணைத்துத் தூங்கியதில்லை. அதைப் பெற்றபோது எனக்கு இருபது வயது; வயல் வேலை, மாட்டு வேலை, அது அழுதால் எரிச்சல்தான் வரும். இங்கே எனக்கு வேறு வேலை இல்லை. அன்பு செலுத்துவதற்கே என்னை வைத்திருந்தார்கள்.

இரண்டு வருஷம் ஆகும் சமயம் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. அவள் அம்மா மருந்து கொடுக்கப் போனாள். குழந்தை அவள் கையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டி அலறியது. மருந்து அவள் துணியெல்லாம் கொட்டியது. பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். காய்ச்சல் இறங்கிய மறுவாரம், காலையில் குழந்தையைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன் என்று கிளம்பினாள். குழந்தை காரின் கண்ணாடி வழியாக எனக்குக் கையாட்டியது. அந்தக் கார் தெரு முனை திரும்பியதும், அவள் கணவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியை முன்பே யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள். "விமானம் மத்தியானம்" என்றார்.

ஊர் வந்து சேர்ந்து கடிதம் எழுதினேன். நான்கைந்து எழுதியிருப்பேன். ஒன்றே ஒன்றுக்குப் பதில் வந்தது.

இவ்வளவும் அந்த வாணலியின் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குள் ஓடியது. எதிரில் என் கணவர், "இன்னா, நம்ம தக்காளி சாதமாட்டம்தான் இருக்குது, காரம் கம்மி" என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஓட்டல்காரர் வந்து எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டார். என் வாய் தானாக ஸ்பானிய மொழியில் பதில் சொன்னது. "முய் ரிக்கோ." ரொம்ப ருசி. அவர் அசந்துபோனார். பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து மளமளவென்று பேச ஆரம்பித்தார். எனக்குப் பாதி புரியவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் பேசினேன். சாப்பிடு, வாயைத் திற, கை கழுவு, தூங்கு, அழாதே. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மேஜையில் இருந்த தம் ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என் மகள் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "உங்கள் அம்மா இரண்டு வயதுக் குழந்தையிடம் பேசுகிற மாதிரியே பேசுகிறார், அருமை" என்றார். இன்னும் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பதிமூன்று வருஷம் பேசாத பேச்சு.

மகள் அதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டாள். "மி வீதா என்றால் என்ன?"

"என் உயிரே என்று அர்த்தம். குழந்தையைக் கொஞ்சும்போது சொல்வோம்" என்றார் அவர். "எங்கே கேட்டீர்கள்?"

"அம்மா தூக்கத்தில் சொல்வாங்க" என்றாள் இங்கிலீஷில். "நான் சின்ன வயசிலிருந்து கேட்டுட்டிருக்கேன்."

அவருக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து, "உங்களைத்தான் கொஞ்சியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, வேறு யாரோ கூப்பிட எழுந்து போனார்.

மகள் தமிழுக்கு வந்தாள். குரல் உயரவில்லை. "கேட்டீங்களாப்பா? என் உசுரேன்னு அர்த்தமாம். என்ன இன்னான்னு கூப்பிடும் அம்மா, ஞாபகம் இருக்குதா?"

"சாப்புடும்மா, சோறு ஆறுது" என்றார் அவர்.

"சனியனேன்னு கூப்பிடும். தல வாரும்போது சீப்பாலயே அடிக்கும். அந்த ஊருல பசங்க எவ்ளோ சுத்தமா இருக்கும் தெரியுமான்னு கேட்டுக்கிட்டே அடிக்கும்."

"உன்ன வளக்கறதுக்குத்தான்…" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ வளத்தியா?"

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். ஸ்பெயினிலிருந்து எனக்கு இங்கிலீஷில் வந்த அந்த ஒரே பதில். பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். பதினொன்றாவது படிக்கும்போதே எடுத்துப் படித்துவிட்டாளாம். அந்தச் சாப்பாட்டின் பெயரும் அந்தக் கடிதத்தில்தான் இருந்தது. ஞாயிறுதோறும் பெரியவர் இன்னும் பயேயா செய்கிறார் என்று அந்த அம்மா எழுதியிருந்தாள். மகள் கடிதத்தைத் தன் அப்பாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னாள். அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று அன்றுவரை தெரியாது. சும்மா நலம் விசாரிப்பு என்று நான் சொல்லியிருந்தேன்.

"ரெண்டு தரம் டிக்கெட் போடறேன்னு சொல்லியும் எங்களோடவே இருந்தீங்க, அதுக்கு நன்றின்னு எழுதியிருக்குது. ரெண்டு தரம்பா. அப்பறம் இன்னா தெரியுமா? நீங்க செத்துட்டதா கொழந்தகிட்ட சொல்லிட்டோம், ஒரு வாரம் அழுதா, இப்ப செரியாயிட்டா, இனிமே எழுதாதீங்கன்னு."

என் கணவர் கையில் எடுத்த சோற்றை வாணலி ஓரத்திலேயே வைத்தார். "விட மாட்டேங்கறாங்கன்னு எழுதனியே" என்றார் என்னிடம்.

மகள் நிறுத்தவில்லை. "எனக்கு அதுகூட பரவால்லம்மா. நீ வராம இருந்திருந்தாலும் நான் நல்லாதான் இருந்திருப்பேன். எனக்கு அத்த இருந்துச்சி. நீ வந்து இன்னா பண்ண?"

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

நான் ஊர் திரும்பிய அன்று, ஐந்து வயது முடிந்திருந்த என் மகள் என்னைப் பார்த்ததும் நாத்தனாரின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். நாத்தனார் பதறிப்போய், "அப்பிடிச் சொல்லாதடி, இதான் உங்கம்மா, போ" என்று முன்னால் தள்ளினாள். குழந்தை போகமாட்டேன் என்று அவள் காலைக் கட்டிக்கொண்டது. நான் வாங்கி வந்திருந்த பொம்மையை நீட்டினேன். அதைத் தட்டிவிட்டது.

ஒரு மாதத்துக்குள் திருவண்ணாமலையில் வாடகை வீடு பார்க்கச் சொல்லிக் கணவரை நச்சரித்தேன். பள்ளிக்கூடம் நல்லது என்று காரணம் சொன்னேன். நாத்தனார் பாத்திரம் பண்டம் எடுத்துவைக்க ஆரம்பித்தபோது, "நீங்க வர வேணாக்கா. நெலத்தப் பாக்க ஆள் வேணுமில்ல" என்றேன். அவள் எடுத்து வைத்த பாத்திரங்களை மறுபடி ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தாள். போகிற அன்று அவளைக் கடலைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டுக் குழந்தையை வேனில் ஏற்றினேன். அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. குழந்தை வழியெல்லாம் அழுதது. கலெக்டர் ஆபீஸ் தாண்டும்போது நான் சொன்னேன்: "அத்தைக்கு உன்ன வேணாமாம். நீதான் இட்னு போயிடுன்னு சொல்லிட்டாங்க."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. அதை ஒரு வெற்றி என்று நினைத்தேன்.

நாத்தனார் விடவில்லை. பஸ் பிடித்துப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பாள். டப்பாவில் கொழுக்கட்டையோ எள்ளுருண்டையோ இருக்கும். மகள் அவளைப் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போவாள். தன்னை வேண்டாம் என்றவள் அல்லவா. எனக்குத் தெரியவந்ததும் டீச்சரிடம் போனேன். "வாசல்ல வந்து நிக்கறது புத்தி சரியில்லாத பொம்பள, கொழந்தைய தூக்கினு போயிடுமோன்னு பயமா இருக்குது" என்றேன். வாட்ச்மேன் அவளை விரட்டினார். இரண்டு மூன்று தடவை விரட்டப்பட்ட பிறகு அவள் வருவதை நிறுத்திவிட்டாள். ஊரில் விசேஷங்களில் பார்த்துக்கொண்டால் என் மகளை தூரத்திலிருந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

அந்த ஸ்பெயின்காரி எனக்குச் செய்ததைத்தான் செய்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றியதா? தோன்றியது. தோன்றித்தான் செய்தேன். அவள் எனக்குச் செய்யும்போது எவ்வளவு சுலபமாக வேலை முடிந்தது என்று பார்த்திருந்தேனே.

மாடியில், "வாட்ச்மேன வெச்சி வெரட்டனது நீதான்னு அத்த சொல்லல. நானே டீச்சரக் கேட்டேன், போன மாசம்" என்றாள் மகள். "உங்க சொந்தத்துல யாரோ ஒருத்தவங்க பைத்தியம்னு உங்கம்மா சொன்னாங்களேன்னாங்க. எங்க அத்த பைத்தியமாம்மா?"

அழுதேன். பக்கத்து மேஜைக்காரர்கள் இரக்கத்தோடு பார்த்தார்கள். ஓட்டல்காரர் ஓடிவந்து, பழைய ஞாபகமா என்று ஸ்பானிய மொழியில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். மகள் அதைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

வாணலியில் அடிக்காந்தல் அப்படியே இருந்தது. கீழே இறங்கும்போது மகள் என் கணவருக்குக் கை கொடுத்து இறக்கினாள். எனக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் கீழ்பென்னாத்தூருக்குக் குடிபோனாள். அங்கிருந்தே வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கு பஸ்ஸில் போய்வருகிறேன் என்றாள். என் கணவரே வேனில் அவள் பெட்டியை ஏற்றினார். அவரும் மெல்ல மெல்ல வாரத்தில் நாலைந்து நாள் அங்கேயே தங்க ஆரம்பித்தார். நடவு, அறுவடை என்று காரணம் சொன்னார். நான் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன்.

மூன்று மாதம் பொறுத்து ஒரு ஞாயிறு காலை கீழ்பென்னாத்தூர் போனேன். வாசலில் நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து, கீழே உட்கார்ந்திருந்த என் மகளின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா கடலக் கொல்லைக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவரைப் பார்க்கத்தான் வந்திருப்பேன் என்பது போல.

நாத்தனார் எண்ணெய்க் கையைத் தன் தலையில் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். அந்த வீட்டில் அதுவரை நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நாற்காலி வெளியாட்களுக்குத்தான்.

"அக்கா" என்றேன். "நான் செஞ்சதெல்லாம் தப்பு."

அவள் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அறுபது ஆகியிருக்காது, முடியெல்லாம் நரைத்திருந்தது.

"அந்தூரு பொண்ணுக்கு இப்ப இன்னா வயசாவும்?"

"பதினாறு முடிஞ்சிருக்கும்."

"நீ செத்துட்டன்னு சொல்லிட்டாங்களாமே. நம்ம பாப்பா சொல்லிச்சி."

"ஆமாங்க்கா."

"அது செத்துப்போனவளுக்காக அழுதுச்சி. அதனால ஒரு வாரத்துல தேறிச்சி" என்றாள் நாத்தனார். "இது பதிமூணு வருஷம், அத்தைக்கு நாம வேணாம்னுட்டு நெனச்சினு இருந்துச்சி. அத்த செத்துட்டான்னு நீ சொல்லியிருக்கலாமே."

குரலில் கோபமே இல்லை. ஏன் அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று உண்மையாகவே கேட்பது போலக் கேட்டாள்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"அதெல்லாம் இன்னாத்துக்கு?" என்று எழுந்தாள். "பன்னெண்டு மணி வண்டிய வுட்டன்னா அடுத்தது நாலு மணிக்குத்தான். கெளம்பு."

உள்ளேயிருந்து மகள், "அம்மா, சீயக்கா எங்க வெச்ச?" என்று குரல் கொடுத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். நாத்தனார், "தோ வரேன்" என்று உள்ளே போனாள்.